முதல் அச்சு தேடிய கியூசி அக்கா

கியூசி அக்காவிடம் ‘பாஸ்’ வாங்கிய மனிதப் பிறவி இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நான் இல்லை. வருஷக்கணக்கில் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன், ஏவிய வேலையையெல்லாம் செய்தேன், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் என் பழைய காரை ஓட்டிக்கொண்டு போனேன். எனக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. இந்தக் கட்டுரையைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் எழுத்துப் பிழையைத்தான் தேடுவார்.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் கெடா மாநிலத்துப் பீடோங்கில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சுங்கைப் பட்டாணிப் பக்கம் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவான கியூசியில் அவருக்கு வேலை. நான் அங்கேயே பெட்டி கட்டும் பிரிவு. காற்று ஊதிய கையுறையை அக்கா விளக்குக்கு நேரே பிடிப்பார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். ஒரு கண்ணை மூடுவார். ஊசி முனை அளவு ஓட்டை தெரிந்தாலும் ‘ரிஜெக்ட்’ என்று கூடையில் எறிவார்.

மற்றவர்கள் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அக்கா அந்தக் கண்ணையும் கூடவே கொண்டுபோய்விடுவார். பீடோங் சந்தைக்கு எதிரில் வடை விற்கும் அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

“என்னாக்கா இது, வடையில ஓட்டையே காணோம்? ரிஜெக்ட்.”

“கையுறையில ஓட்ட இருந்தா வேணாங்கற. வடையில ஓட்ட இல்லன்னா வேணாங்கற. ஒனக்கு என்னாதான்டி வேணும்?”

“இருக்க வேண்டியதுல இருக்கணும், இருக்கக்கூடாததுல இருக்கக்கூடாது. அவ்ளோதான்லா.”

அவருக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் தரகர் கொடுத்த போட்டோக்களையெல்லாம் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒருவருக்குத் தோள் ஏற்ற இறக்கம், இன்னொருவருக்குச் சிரிப்பு மூக்குக்கு நேராக இல்லை என்று வரிசையாகத் திருப்பி அனுப்பினாராம். கோயில் திருவிழாவில் ரதம் கிளம்பும் நேரத்தில் “நில்லுங்க, எடது பக்கம் சாஞ்சிருக்கு” என்று கையைக் காட்டி நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். சாமியே ஒரு நிமிடம் பயந்துபோயிருக்கும். இறங்கிப் பார்த்தால் சக்கரத்தில் ஒரு முளை உண்மையிலேயே கழன்றிருந்தது. அதுதான் அவரிடம் இருக்கும் தொல்லை. அவர் சொல்வது சரியாக வேறு இருந்துவிடும்.

தொழிற்சாலையில் தேறிய பெட்டிகளுக்கு ஒட்டும் பச்சை ‘பாஸ்’ ஸ்டிக்கர் ஒரு தாள் அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும். தொழிற்சாலை வாசலைத் தாண்டியபின் அதிலிருந்து ஒன்றுகூட உரிக்கப்பட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று அமைந்தால் அது எப்படி இருக்கும்? பழைய இசைத்தட்டு. அதிலும் முதல் அச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு நான் கொஞ்சம் கண்ணயரலாம் என்று நினைக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். “தம்பி, காடிய எடு. சுங்கை லாலாங்ல ஒரு வீட்ல தட்டு இருக்காம்.” அவருக்குச் சொந்தமாக மோட்டார்சைக்கிள் உண்டு. ஆனால் பள்ளத்தில் குதித்தால் தட்டு உடைந்துவிடுமாம். என் கார் பள்ளத்தில் குதித்தால் பரவாயில்லை.

ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “எல்லாத் தட்டும் ஒரே பாட்டத்தானேக்கா பாடுது? மொத அச்சு, ரெண்டாவது அச்சுன்னு ஏன் இப்படி அலையறீங்க?”

அக்கா குடித்துக்கொண்டிருந்த கோப்பியைக் கீழே வைத்தார். அவர் கோப்பியைக் கீழே வைப்பது நல்ல சகுனம் இல்லை.

“ஒங்க வீட்ல தோச சுட்டா மொத தோச யாருக்கு?”

“யாருக்கும் இல்ல. கல்லுல ஒட்டிப் பிஞ்சிரும்.”

“தட்டுல அது தலகீழ். மொத தோசதான் சாமிக்கு. அச்சு புதுசா இருக்கறப்ப அடிச்சது, அதனால பாட்டோட மூக்கும் முழியும் தெளிவா இருக்கும். போகப் போக அச்சு தேயும், பாட்டும் தேயும். இன்னொண்ணும் இருக்கு. மொத அச்சுல கம்பெனிக்காரன் ஏதாச்சும் தப்பு பண்ணியிருப்பான். பேர மாத்திப் போட்டிருப்பான், பாட்ட மாத்தி வச்சிருப்பான். அப்பறம் திருத்திருவான். அந்தத் தப்போட வெளிய வந்தது கொஞ்சந்தான். தேடறவன் அதத்தான் தேடுவான்.”

“அப்படின்னா தப்பு இருந்தா பாஸா?”

அக்கா என்னை முறைத்துவிட்டுக் கோப்பியை எடுத்துக்கொண்டார். 

அவர் தட்டு பார்க்கும் அழகை நின்று பார்க்கலாம். தட்டின் முகத்தில் விரல் படாது. ஓரத்தையும் நடு லேபலையும் மட்டும் தொட்டு உள்ளங்கையில் ஏந்துவார். பாட்டு ஓடும் கோடுகள் முடிந்த பிறகு, லேபலுக்கு முன்னால் வழவழப்பாக ஒரு வளையம் வரும். அதற்கு அக்கா வைத்த பெயர் ‘வெறும் நெலம்’. கம்பெனிக்காரன் அங்கேதான் பொடி எழுத்தில் எண்ணைக் கீறி வைத்திருப்பான். எந்த அச்சு என்பதற்கு அதுதான் சாட்சி. டார்ச் விளக்கைச் சாய்த்து அடித்து, ஒரு கண்ணை மூடி அதைப் படிப்பார். “லேபல் பொய் சொல்லும், உறை பொய் சொல்லும், விக்கறவன் கண்டிப்பா பொய் சொல்லுவான். வெறும் நெலம் சொல்லாது” என்பார்.

எங்கள் கெடா ரப்பர் தோட்டங்களில் தட்டுகள் என்னென்ன பாடுபட்டன என்று தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். ஒரு வீட்டில் முறுக்கு டின்னுக்கு மூடி. ஒரு வீட்டில் முள் வைத்துச் சுவர்க் கடிகாரம். சுங்கை லாலாங்கில் ஒருவர் கத்தரிச் செடிக்குக் குருவி வராமல் இருக்க வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அக்கா செடிகளுக்கு நடுவில் புகுந்து, ஆடிக்கொண்டிருந்த தட்டை டார்ச்சோடு துரத்தித் துரத்திப் படித்தார். வீட்டுக்காரர் எதுவும் புரியாமல் என்னிடம் கேட்டார், “அந்தம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” நான் என்ன சொல்வது? சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பழைய தட்டுக்கு மதிப்பு உண்டாம் என்று செய்தி பரவியதும் ஞாயிறு தோறும் அக்கா வீட்டு வாசலில் சாக்குப் பையோடு ஆட்கள் நின்றார்கள். பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த தன் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

“எங்க வாப்பா ஊர்லேருந்து கொண்டாந்தது. அசல் மொத அச்சு. பாத்துச் சொல்லும்மா.”

அக்கா சாய்த்துப் பார்த்தார். “நாலாவது அச்சு. தேஞ்ச அச்சு. ரிஜெக்ட்.”

பாய் முகம் சுண்டிப்போனது. “கொஞ்சம் மெதுவாச் சொல்லலாம்ல?”

அக்கா தலையாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நாலாவது அச்சு பாய்” என்றார். அவரைப் பொறுத்தவரை அது மெதுவாகச் சொல்வது. அதன் பிறகு அந்தக் கடையில் எங்கள் இருவருக்கும் ரொட்டி சானாய் மட்டும் வரும், குழம்பு வராது. ஆனால் அதே வாரம், மீன் குழம்புச் சட்டியை ஒரு தட்டால் மூடி வைத்திருந்த ஒரு பாட்டியிடம், “இது அரிய சாமான், யாரு கேட்டாலும் சும்மா தூக்கிக் குடுத்துறாதீங்க” என்று சொல்லி, சட்டிக்கு வேறு மூடி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவரும் இதே அக்காதான்.

இத்தனை அலைச்சலும் ஒரே ஒரு தட்டுக்காக என்பது எனக்குத் தெரிய வெகு காலம் ஆயிற்று.

அக்காவின் அம்மாவை நாங்கள் பெரியம்மா என்போம். அவர் வாய் பேசிய அளவுக்குக் காது கேட்காது. கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தால் அதைச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு வைப்பார். பெரியம்மா இளவயதில் சுங்கை லாலாங் தோட்டத்து இசைக்குழுவில் பாடியவராம். ஆர்மோனியம் வாசித்தவர் பிற்பாடு அவரைக் கட்டிக்கொண்ட அக்காவின் அப்பா. குழுவைப் பினாங்குக்கு அழைத்துப் போய் ஒரு கம்பெனி பாட்டு பிடித்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டாகச் சின்னத் தட்டு. முதல் அச்சு வந்து, தோட்டத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கொடுத்த கையோடு கம்பெனி அதை நிறுத்திவிட்டது. வேறொரு பெண்ணைப் பாட வைத்து இரண்டாவது அச்சு அடித்துக் கடைகளில் விற்றது. லேபல் இரண்டிலும் ஒன்றேதான். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் பெரியம்மா, “பாடுனது நான் இல்ல. அது வேற யாரோ” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா பிறந்ததிலிருந்து பெரியம்மா ஒரு தாலாட்டுகூடப் பாடியதில்லை.

அக்காவின் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது மகளிடம் சொன்னாராம், “ஒங்கம்மா பாடுன தட்டு எங்கியாச்சும் ஒண்ணு இருக்கும். மொத அச்சு. தேடிக் கேளு.” சொல்லிவிட்டுச் சிரித்தாராம். எதற்குச் சிரித்தார் என்று சொல்லவில்லை.

“எங்கம்மா பாடி நான் கேட்டதில்ல தம்பி” என்றார் அக்கா. “அதுக்குக் காது போயிக்கிட்டிருக்கு. போறதுக்குள்ள அது கொரல அதுவும் கேக்கணும், நானும் கேக்கணும். கண்டுபுடிக்காம விடமாட்டேன்.”

அன்றைக்குத்தான் என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போனதற்கு நான் வருத்தப்படுவதை நிறுத்தினேன். அந்தத் தட்டு கிடைக்காமல் இல்லை. வீட்டுக்கு வீடு கிடைத்தது. எல்லாம் இரண்டாவது அச்சு. எண்ணின் கடைசியில் இரண்டு. அக்கா வீட்டு சோபாவுக்கு அடியில் அவை அடுக்காகச் சேர்ந்துகொண்டே இருந்தன.

இதில் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. நம் ஆட்கள் ஆயுத பூஜைக்குத் தட்டுக்கும் பொட்டு வைப்பார்கள். பால் வெட்டும் கத்திக்கு வைத்து, மோட்டார்சைக்கிளுக்கு வைத்து, பாடுகிற சாமான் ஆயிற்றே என்று தட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வைக்கிற இடம் பெரும்பாலும் அந்த ‘வெறும் நெலம்’. எண் அதற்குள் புதைந்துவிடும். துடைக்கப் போனால் “சாமிக்கு வச்ச பொட்டு, கை வைக்காதீங்க” என்று பிடுங்கிக்கொள்வார்கள். அக்கா அசரவில்லை. பழைய பொட்டை அழித்துப் புதுப் பொட்டு வைக்க வருஷத்தில் ஒரு நாள் உண்டு, பூஜைக்கு முந்தின நாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, “கழுவற வேல இருந்தா குடுங்க, சும்மாவே செய்றேன்” என்று வீடு வீடாகப் போவார். அம்மியைக் கழுவுவார், அரிவாளைக் கழுவுவார், சைக்கிளைக் கழுவுவார். கடைசியில் தட்டு கைக்கு வரும். தோட்டத்துப் பெண்கள் அவரைப் புண்ணியவதி என்றார்கள்.

இப்படித் தேடி மிஞ்சியது புக்கிட் செலம்பாவில் ஒரே ஒரு வீடு. லோரி மாமா வீடு.

லோரி மாமாதான் அந்தக் காலத்தில் குழுவைத் தன் லோரியில் ஏற்றி, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறிப் பினாங்குக்குக் கொண்டுபோனவர். கூலிக்குப் பதிலாகக் கம்பெனி ஒரு தட்டு கொடுத்தது. அவரிடம் தட்டு ஓட்டும் பெட்டி கிடையாது. எனவே அதை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சாமி மேடையில் வைத்து வருஷா வருஷம் பொட்டுக்கு மேல் பொட்டாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது நடுவில் சந்தனம் அடை தட்டிய மாதிரி இருந்தது.

“பூசைக்கு மொத நாளு வந்து கழுவித் தரேன் மாமா” என்றார் அக்கா.

“மொத பூச லோரிக்குத்தான். அதுதான் எனக்குச் சோறு போட்டுச்சி. லோரியக் கழுவாம தட்டக் கழுவுனா மொற இல்ல.”

“அப்ப லோரியக் கழுவுவோம்.”

“அதுல கோழி இருக்கே.”

லோரி ஓடி ரொம்பக் காலம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில், சக்கரம் மண்ணில் புதைய நின்றது. பின்பக்கம் முழுக்கக் கோழிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அக்கா தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, லோரியை ஒரு சுற்று சுற்றி வந்தார். “கழுவுனா வந்துரும்” என்றார்.

பூஜைக்கு முந்தின நாள் தொழிற்சாலையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வருகிற நாளாக அமைந்தது. அன்றைக்குப் போய் அக்கா லீவு கேட்டார். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்காவுக்குக் கல்யாணமா என்று விசாரித்தார். லோரி கழுவப் போகிறார் என்று சொன்னேன். அவர் என் லீவையும் சேர்த்து எழுதிக்கொண்டு, போய்த் தொலை என்பது போல் கையை ஆட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தால் அங்கே இன்னொரு கார் நின்றது. பளபளவென்று வெள்ளைச் சட்டையில் ஒருவர், கையில் பெட்டி. பினாங்கில் இருந்து வந்தவர். தட்டு சேர்ப்பவர். அவருக்கும் இந்தத் தட்டு பற்றிச் செய்தி போயிருந்தது.

“அங்கிள், ஜென்யூன் ஃபர்ஸ்ட் பிரெஸ்னா நல்ல விலை தருவேன். நீங்க கேட்கிற விலை” என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

 தட்டு பினாங்குக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடும். பெரியம்மா காதுக்கு எட்டாது.

மாமா இருவரையும் பார்த்தார். “வெல அப்பறம் பேசலாம். மொதல்ல லோரி.”

அக்கா தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கையுறைகளை மாட்டிக்கொண்டார். எனக்கும் ஒரு சோடி, பினாங்குக்காரருக்கும் ஒரு சோடி. “ஓட்ட இருக்கும், பரவால்ல. இது லோரிதானே.” கோழிகளைத் துரத்தினோம். எச்சத்தைச் சுரண்டினோம். மாமா நாற்காலியில் உட்கார்ந்து, “அந்த மூலைலா, அந்த மூலை” என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தார். பினாங்குக்காரர் பக்கக் கண்ணாடி ஒன்றை வெகு நேரம் பக்தியோடு துடைத்தார். ஒரு சேவல் அவர் பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது. வெயில் உச்சிக்கு வந்தது, எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அக்கா மட்டும் லோரிக்கு அடியில் மல்லாந்து படுத்து அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கீழ யாருக்கா பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன்.”

சாயங்கால வாக்கில் லோரிக்கு நீல நிறம் என்று தெரிய வந்தது. மாமா எழுந்து அதன் மூக்கைத் தடவினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தட்டையும், ஒரு தேங்காய் நாரையும், பாத்திரம் கழுவும் தூளையும் எடுத்து வந்தார்.

“மாமா!” என்று அக்கா போட்ட சத்தத்தில் கோழிகள் மறுபடியும் பறந்தன. “நாரக் கீழ போடுங்க!”

அக்கா தண்ணீரைத் துளித் துளியாக விட்டு, துணி நுனியால் சந்தனத்தை ஊற வைத்தார். அது பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. எல்லோரும் குனிந்தோம். அக்கா டார்ச்சைச் சாய்த்து அடித்தார். எண் தெரிந்தது. கடைசி இலக்கத்துக்கு முன்னால் வரைக்கும் தெரிந்தது. கடைசி இலக்கத்தின் மேல், அழகான புள்ளிப் புள்ளி எழுத்தில், லோரி மாமாவின் முதலெழுத்துகளும் லோரியின் பதிவு எண்ணும் வெட்டப்பட்டிருந்தன.

“இது என்னா மாமா?”

“பாசார்ல எவர்சில்வர் பானைக்குப் பேரு வெட்டுவான்ல, அவன்கிட்ட குடுத்து வெட்டுனேன்” என்றார் மாமா பெருமையாக. “கல்யாணம் காச்சிக்கு எரவல் போனா திரும்பி வரணும்ல? எங்க வீட்டுல கரண்டிக்குக்கூடப் பேரு இருக்கு. பாட்டு மேல வெட்டல. சும்மா கெடந்த எடத்துலதான் வெட்டச் சொன்னேன்.”

உலகத்திலேயே அந்தத் தட்டுக்கு இருந்த ஒரே சாட்சியை அவர் பாத்திரக்காரனை வைத்து வெட்டி எறிந்திருந்தார். பினாங்குக்காரர் பெருமூச்சு விட்டார். “நம்பர் இல்லன்னா ப்ரூஃப் இல்லம்மா. சாரி, இதுக்கு இனிமே வேல்யூ இல்ல.” சேவலை இறக்கிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கையுறையைக் கழற்ற மறந்துவிட்டார், பாவம்.

நான் அக்காவைப் பார்த்தேன். உடைந்து உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தட்டைச் சாய்த்துக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டுல ஒரு கீறல் இல்ல” என்றார். “நம்பர் இல்லன்னா என்னா? காது இருக்குல்ல. மாமா, தட்ட எடுத்துக்கிட்டுக் காடியில ஏறுங்க. பீடோங் போறோம்.”

மாமா தட்டை வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வழியில் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் பின்சீட்டிலிருந்து இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள்.

பெரியம்மா சமையலறையில் சுண்டலுக்குக் கடலை களைந்துகொண்டிருந்தார். அக்கா தட்டு ஓட்டும் பெட்டியைத் திறந்து, தட்டை வைத்து, சத்தத்தை ஆன மட்டும் திருகிவிட்டார்.  தண்ணீரில் ஊறிய கையைத் துடைத்துவிட்டு ஊசியை வைத்தார்.

முதலில் கரகரப்பு. பிறகு ஆர்மோனியம். பிறகு ஒரு பெண் குரல். கப்பலேறிப் போனவன் திரும்பவில்லையே என்று அழுகிற பாட்டு.  அக்கா பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார். அடுத்த சரணம் எடுத்து, துக்கம் உச்சிக்குப் போகிற இடத்தில், அந்தக் குரல் பாதியில் நின்றது. ஒரு மூச்சுத் திணறல். அடுத்தது சிரிப்பு. அடக்கப் பார்த்து, அடங்காமல், குபீரென்று ஒரு சிரிப்பு. ஆர்மோனியம் மட்டும் ஒரு சுரம் பிசகாமல் போய்க்கொண்டே இருந்தது. குரல் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்துகொண்டு, அழுகைப் பாட்டைச் சிரித்துக்கொண்டே பாடி முடித்தது.

சமையலறை வாசலில் பெரியம்மா கரண்டியோடு நின்றார்.

“அலாமாக்! இந்தச் சனியன் இன்னும் உசுரோடவா இருக்கு?”

“பாடுனது யாரும்மா?” என்றார் அக்கா.

“யாரோ” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சிரித்துவிட்டார். தட்டில் கேட்ட அதே சிரிப்பு. மூச்சுத் திணறலில் தொடங்கி, குபீரென்று வெடித்து. இனி எண் எதற்கு? லோரி மாமா தொடையைத் தட்டி, “இதேதான், இதே சிரிப்புதான், திரும்பி வர்றப்ப ஃபெர்ரி முழுக்க!” என்று கத்தினார்.

பெரியம்மா சோபாவில் உட்கார்ந்தார். “ஒங்கப்பா ஆர்மோனியத்துலேருந்து ஒரு கரப்பான் பூச்சி வந்திச்சிடி. நேரா அவரு சட்டக்கைக்குள்ள பூந்துருச்சி. கம்பெனிக்காரன் ஒரே தடவதான் புடிப்பேன்னு சொல்லியிருந்தான். மனுசன் நெளியறாரு, மொகம் அஷ்டகோணல் ஆவுது, கட்டையிலேருந்து கைய எடுக்கல. நான் எப்படிச் சிரிக்காம இருப்பேன்? தட்டு வந்தப்பறம் தோட்டமே கேலி பண்ணிச்சி. ஒங்க தாத்தா எங்க வீட்டுத் தட்ட ஒடச்சிட்டாரு. ஏன் சிரிச்சேன்னு சொன்னா அந்த மனுசனையும் சேத்து ஒதைப்பாரு. அதான் பாடுனதே நான் இல்லன்னேன். அப்பறம் பாடவே தோணல.”

கரண்டியை மடியில் வைத்தார். “அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். கரப்பான் பூச்சி சட்டைக்குள்ள ஓடறப்பகூடக் கட்டைய விடாதவன், கட்டிக்கிட்டா குடும்பத்தையும் விடமாட்டான்னு.”

அக்கா திரும்பிச் சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்தார். அந்த மனிதர் கடைசி நாளில் எதற்குச் சிரித்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் அப்போது விளங்கிவிட்டது.

“என்னா அப்படிப் பாக்கற?” என்றார் பெரியம்மா. “ஊரெல்லாம் சாச்சிச் சாச்சிப் பாத்தியே. சொல்லுடி. ஒங்கம்மா பாஸா, ரிஜெக்டா?”

அக்கா கைப்பையைத் திறந்தார். பச்சை ஸ்டிக்கர் தாளை எடுத்து, நகத்தால் ஒன்றை உரித்து, பெரியம்மாவின் கையில் ஒட்டினார். ஒட்டிவிட்டு அந்தக் கையை விடாமல், அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பெரியம்மா மகளின் தலையைத் தடவியபடி, “இத எப்படி உரிக்கறது? முடியெல்லாம் புடுங்கிரும் போலருக்கே” என்று குறைப்பட்டுக்கொண்டார். அன்றைக்குத் தட்டு மறுபடியும் மறுபடியும் ஓடியது. கடைசி முறை சரணம் வந்தபோது பெரியம்மாவும் கூடவே முணுமுணுத்தார். அக்கா சத்தத்தைக் குறைத்து, தட்டை விட்டுவிட்டு அம்மாவை மட்டும் கேட்டார்.

தட்டை லோரி மாமா அங்கேயே விட்டுப் போனார். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முந்தின நாள் வந்து லோரியைக் கழுவித் தர வேண்டும், அன்றைக்குத் தட்டுக்கும் அங்கேதான் பொட்டு. லேபல் மேல் மட்டும் என்று அக்கா திருத்தம் போட்டார்.

பிறகு எனக்குத் தெற்கே ஜொகூரில் வேலை கிடைத்து, அங்கே போய்விட்டேன். ஆனாலும் பூஜை நெருங்கினால் நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கார் ஓட்டிக்கொண்டு புக்கிட் செலம்பாவுக்குப் போய்விடுவேன். வீட்டில் கேட்டால் கோயில் வேண்டுதல் என்பேன். போன வருஷமும் போனேன். வெயிலில் நின்று எனக்கு ஒதுக்கிய நான்கு சக்கரத்தையும் பளபளவென்று தேய்த்துவிட்டு, இந்த முறையாவது என்று நம்பிக்கையோடு ஒதுங்கி நின்றேன். அக்கா தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“உள்பக்கம் சேறு இருக்கு தம்பி. ரிஜெக்ட்.”

நான் மறுபடியும் குழாயைத் திறந்தேன். அந்தச் சொல்லைக் காதால் கேட்ட பிறகுதான் எனக்கு ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது.